வி-கிராஸுக்கு மூன்றாவது செட் டயர்: ஏ/டி-யிலிருந்து எச்/டி-க்குத் திரும்பியது

என்னிடம் இருப்பது 2017 மாடல் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2.5 லிட்டர் டீசல், ஐந்து கியர், ஃபோர் வீல் டிரைவ். சோலார் பம்ப்செட் பொருத்திக் கொடுப்பது என் தொழில், இருப்பது திருச்சியில். சரக்கு எடுக்க மாதம் ஒருமுறை, சில மாதம் இருமுறை சென்னை போவேன். மதுரைக்கு இரண்டு மூன்று முறை. இடையில் பெரம்பலூர், துறையூர் பக்கத்துக் கிராமங்கள். பின்னால் ஏறும் பாரம் பெரும்பாலும் இருநூறு கிலோவுக்குள்தான். பாதி நாள் வண்டி காலியாகவே ஓடும்.

வண்டியோடு வந்தவை 245/70 ஆர்16 எச்/டி டயர்கள், அதாவது தார்ச்சாலைக்கான டயர்கள். 55,000 கிலோமீட்டர் ஓடின. 2021 தொடக்கத்தில் அவற்றைக் கழற்றிவிட்டு 265/70 ஆர்16 அளவில் ஏ/டி, அதாவது தார், மண், கல் பாதை எல்லாவற்றுக்குமான டயர்கள், போட்டேன். அதற்கு இரண்டு காரணம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு நான் அலைந்த கடைகளில் 245/70 ஆர்16 எச்/டி நாலும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், சென்னையிலேயே எம்.ஆர்.எஃப் தலைமையகம் என்று டயர் ஊருக்கு நடுவில்தான் நாம் இருக்கிறோம். ஆனாலும் பிக்கப் வண்டியின் டயர் அளவு கார் அளவுகளைப் போல எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு இல்லை. இரண்டாவது காரணம் ஆசை. அகலமான டயரும் பட்டன் பட்டனாக இருக்கும் அதன் முகமும் அந்த வண்டிக்கு எடுப்பாக இருக்கும். அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஏ/டி டயர்களோடு ஓடோமீட்டரில் 62,000 கிலோமீட்டர் ஓடினேன். போன ஐப்பசியில், 2025 அக்டோபர் கடைசியில், சென்னையிலிருந்து திரும்பும்போதுதான் மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனது. உளுந்தூர்பேட்டை தாண்டி, தொழுதூருக்குக் கொஞ்சம் முன்னால். மழை நின்று பத்து நிமிடம் இருக்கும். நடுத்தடுப்பை ஒட்டிய தடத்தில், சாலை லேசாகப் பள்ளம் வாங்கிய இடத்தில், தண்ணீர் தேங்கி நின்றிருந்தது. இருட்டில் தெரியவில்லை. வேகம் 85. ஸ்டியரிங் சட்டென்று எடையே இல்லாமல் ஆனது. ஒரு நொடிதான். பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கையும் திருப்பாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். டயர் மறுபடி சாலையைப் பிடித்ததைக் கையிலேயே உணர முடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த உதவியாள் தம்பி எழவே இல்லை. திருமாந்துறை டோல் வரை நான் அறுபதைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை புது டயர் விலை எதையும் விசாரிக்கவில்லை. முதலில் பழைய டயரை அளந்தேன்.

பழைய டயர் சொன்னது

இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. வெர்னியர் காலிப்பரின் பின்முனையில் ஒரு மெல்லிய கம்பி நீளுமே, அது போதும். டயரின் பள்ளத்தில் செங்குத்தாக வைத்து, ஒவ்வொரு டயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில், சுற்றிலும் மூன்று முறை அளந்தேன். பள்ளத்துக்குள் குறுக்காக ஓடும் சின்ன மேடுகள் தேய்மான அடையாளம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயருடன் சாலையில் ஓடுவதே தவறு. அளக்கும்போது கம்பி அந்த மேட்டின்மேல் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கணக்கு தப்பும்.

பின் டயர் இரண்டிலும் நடுவில் 3.1, ஓரங்களில் 5.3. முன் இடதில் வெளி ஓரம் 2.9, நடு 4.0, உள் ஓரம் 4.6. முன் வலது கிட்டத்தட்ட அதே கதைதான், கொஞ்சம் குறைவாக.

பின் டயர் நடுவில் தேய்ந்ததற்குக் காரணம் நான். பாரம் ஏற்றும் நாளுக்காகப் பின்னால் காற்று 42 பி.எஸ்.ஐ. வைப்பேன். பிறகு காலியாக ஓடும் நாளிலும் அதைக் குறைக்க மாட்டேன். காலி பிக்கப்பின் பின்பக்கம் எவ்வளவு லேசு என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும், வேகத்தடையில் துள்ளும். அந்த எடைக்கு 42 வைத்தால் டயர் நடுவில் உப்பி, ஓரங்கள் சாலையைச் சரியாகத் தொடாது. நாலரை வருடம் என் பின் டயர் பாதி அகலத்தில்தான் ஓடியிருக்கிறது. அகல டயர் வாங்கிய பணம் அங்கேயே கரைந்துவிட்டது.

முன் டயரின் கதை வேறு. அதன் முகத்தில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் மாதிரி குத்தியது. சக்கரம் நேராக உருளாமல் லேசாகச் சாய்ந்து இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது என்று அர்த்தம். அலைன்மென்ட் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கடிகாரத்தில் ஒன்பது மணி, மூன்று மணி இடத்தில் பிடித்து ஆட்டினேன். இடது பக்கம் டொக் என்று ஒரு சின்ன ஆட்டம் இருந்தது. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு, டை ராட் எண்ட், போயிருந்தது. இதைப் பார்க்காமல் புது டயர் போட்டிருந்தால், அதுவும் ஒரே மழைக்காலத்தில் இதே போல ஓரம் தேய்ந்திருக்கும்.

1.6-க்கு இன்னும் இடம் இருக்கிறதே என்று கேட்கலாம். வெயில் காலமாக இருந்தால் நானும் நாலைந்து மாதம் தள்ளியிருப்பேன். தண்ணீரை டயருக்கு அடியிலிருந்து வெளியே துரத்துவது அந்தப் பள்ளங்களின் வேலை. ஆழம் குறையக் குறைய, வண்டி தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும் வேகமும் கீழே இறங்கிவரும். அகலமான டயர் என்றால் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருந்தது. மூன்று மில்லிமீட்டரோடு அந்தச் சாலையில் மறுபடி போக எனக்கு மனமில்லை.

எங்கே ஓடுகிறது வண்டி?

டிரிப் கணக்குக்கு நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று மாதத்தைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 3,900 கிலோமீட்டர். அதில் நெடுஞ்சாலை 3,520. ஊராட்சித் தார்ச்சாலை 300. மண் பாதை, வரப்பு ஓரம், கிணற்றடி எல்லாம் சேர்த்து 80.

எண்பது. நூறுக்கு இரண்டு. அந்த இரண்டுக்காக மீதி தொண்ணூற்றெட்டையும் ஏ/டி டயரில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த எண்பதிலாவது ஏ/டி என்னைக் காப்பாற்றியதா என்றால், பாதிக்குப் பாதிதான். துறையூர்ப் பக்கத்துச் சரளைப் பாதையில் நன்றாகவே உதவியது. கூரான கல்லில் பக்கவாட்டுச் சுவர் கிழியவில்லை. ஆனால் பெரம்பலூர்க் கரிசல் மண் நனைந்துவிட்டால் அது வேறு விஷயம். பத்தடி போவதற்குள் பள்ளமெல்லாம் களிமண் அப்பி, டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அங்கே ஃபோர் வீல் டிரைவும் பொறுமையும்தான் வேலை செய்யும். இப்போதெல்லாம் மழை நாளில் தார் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, விவசாயியின் டிராக்டரில் பம்பை ஏற்றிக்கொண்டு போகிறோம். அவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள், வயல் பாதை குழியாகாது.

நெடுஞ்சாலையில் ஏ/டி எனக்குக் கொடுத்த தொல்லைகளையும் சொல்ல வேண்டும். 75-லிருந்து 90 வரை ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும். 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு அது முனகலாக மாறியது. வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து ஒருமுறை முன் ஹப்பைப் பிரித்தே பார்த்துவிட்டோம். பேரிங் நன்றாக இருந்தது, சத்தம் டயருடையது. பெரிய கட்டைகளாக இருக்கும் ரப்பர் ஒவ்வொன்றாகச் சாலையில் அறையும் சத்தம் அது. கட்டைகள் ஒரு பக்கம் தேயத் தேயச் சத்தம் கூடும்.

அடுத்தது மைலேஜ். இங்கே நான் ஒரு விஷயத்தைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 245/70 ஆர்16 டயரின் விட்டம் 749 மில்லிமீட்டர். கணக்கு எளிது: 245 டயரின் அகலம், அதில் 70 சதவீதமான 171.5 பக்கவாட்டுச் சுவரின் உயரம், அது மேலும் கீழும் என்று இரண்டு மடங்கு, கூடவே 16 அங்குல ரிம்மின் 406.4. 265/70 ஆர்16-க்கு இதே கணக்கு 777 வரும். 3.7 சதவீதம் பெரிது. டயர் பெரிதானால் ஒரு கிலோமீட்டருக்கு அது சுற்றும் சுற்றுக் குறையும். வண்டிக்கு அது தெரியாது, பழைய அளவை நம்பியே ஓடோமீட்டர் எண்ணும். அதனால் 62,000 என்று காட்டியது உண்மையில் ஏறத்தாழ 64,300. லிட்டருக்கு 11.4 என்று நான் எழுதி வைத்திருந்ததும் உண்மையில் 11.8. டயரைப் பெரிதாக்கிவிட்டு மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் முதலில் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் குறைவு மிச்சம் இருக்கும், ஆனால் நினைத்த அளவுக்கு இருக்காது.

வேகத்திலும் இதே கதைதான். ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது ஜி.பி.எஸ். 99 காட்டியது. பழைய அளவில் இருந்தபோது கம்பெனி வைத்த நாலைந்து கிலோமீட்டர் பாதுகாப்பு இடைவெளி இருந்தது. பெரிய டயர் அதைத் தின்றுவிட்டது. இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டவர்களுக்கு மீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் அதிகமாகவே இருக்கும். வேகக் கேமரா இருக்கும் சாலையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஸ்டெப்னி

டயர் மாற்றும் கணக்கில் நான் 2021-இல் விட்ட பெரிய ஓட்டை இதுதான். நாலு டயரை மட்டும் 265 ஆக்கினேன். ஸ்டெப்னி பழைய 245 ஆகவே வண்டிக்கு அடியில் தொங்கியது. ஒருமுறை மேலூர் அருகே பின் டயரில் ஆணி ஏறி, அந்த ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு அறுபது கிலோமீட்டர் வந்தேன். ஒரே அச்சில் இடமும் வலமும் 3.7 சதவீதம் வித்தியாசம் என்றால், நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் வளைவில் திரும்புவது போலவே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். மெதுவாக, இரண்டு சக்கர இயக்கத்தில் மட்டுமே வந்தேன். ஃபோர் வீல் டிரைவைத் தட்டியிருந்தால் கியர்பாக்ஸுக்கே சிக்கல்.

245-க்குத் திரும்பினால் ஸ்டெப்னி அளவு பொருந்திவிடும், நாலு வாங்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். இறக்கிப் பார்த்தபோது முகத்தில் புது டயரின் முடிகள் கூட மிச்சம் இருந்தன. ஆனால் பக்கவாட்டில், ரிம்முக்கு ஒரு விரல் மேலே, மயிரிழை வெடிப்புகள் சுற்றிலும் ஓடின. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் டயர் தயாரான வாரமும் வருடமும். இதில் 1417, அதாவது 2017-இன் பதினான்காவது வாரம். எட்டரை வருடம் சூட்டிலும் சைலன்சர் புகையிலும் தொங்கிய ரப்பர். தயாரித்துப் பத்து ஆண்டு ஆன டயரை, தேயாமல் இருந்தாலும், ஸ்டெப்னி உட்பட மாற்றிவிடச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிகள். வெடிப்பு தெரிந்த பிறகு பத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐந்து வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கடையில்

பால்பண்ணைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடை. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும், லாரி டயரில் வளர்ந்தவர். கேட்டதும், “தம்பி, பிக்கப்புக்குப் பத்து பிளை போட்டுருங்க. ஆயுசுக்கும் கவலையில்ல” என்றார்.

“அண்ணே, நான் இருநூறு கிலோவுக்கு மேல ஏத்தறதில்ல. பாதி நாள் காலிதான்.”

“அப்ப வேணாம்” என்று உடனே அந்த டயரை உருட்டி ஓரமாக வைத்துவிட்டார். தொழில் தெரிந்தவரிடம் நம் தேவையைச் சரியாகச் சொன்னால் போதும்.

பத்து பிளை பற்றி ஒரு வார்த்தை. இன்றைய ரேடியல் டயரில் உண்மையில் பத்து அடுக்கு நூல் இருப்பதில்லை. அது தாங்கும் வலுவுக்கான பழைய கணக்குப் பெயர். எல்.டி. என்று எழுத்தோடு வரும் அந்த டயர்கள் கல் குவாரிக்கும் கனமான பாரத்துக்கும் ஏற்றவை. ஆனால் அவை அந்தப் பாரத்தைத் தூக்க அதிகக் காற்று வேண்டும். சாதாரண டயருக்கு வைக்கும் அதே 35 பி.எஸ்.ஐ.யை வைத்தால், அதே அளவுள்ள எல்.டி. டயர் சாதாரண டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். ‘வலுவான டயர்’ என்று போட்டுவிட்டுக் காற்றைப் பழைய அளவிலேயே விட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். காற்றைக் கூட்டினால் காலி வண்டி கட்டைவண்டி மாதிரி குதிக்கும்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தவை மூன்று. அளவு 245/70 ஆர்16. லோடு இண்டெக்ஸ் 111-க்குக் குறையக் கூடாது. வேக எழுத்து எஸ்-க்குக் கீழே போகக் கூடாது. 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். இதே அளவிலேயே 107 போட்ட டயரும் வருகிறது, அது 975 கிலோ. நாலு எண் வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் டயருக்கு 115 கிலோ குறைகிறது. என் வண்டியோடு வந்தது 111. காகிதத்தில் 107 கூட என் பாரத்துக்குப் போதும். ஆனால் நாளை இந்த வண்டியை விற்றால், வாங்குபவர் இரண்டு டன் ஏற்ற மாட்டார் என்று யார் சொல்ல முடியும்? எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போவதற்காக இல்லை. மே மாத மதியம் பெரம்பலூர்த் தார் கொதிக்கும்போது, நூறில் நாலு மணி நேரம் ஓடினாலும் சூட்டைத் தாங்கும் கையிருப்பு அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

சில டயர்களின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண்ணும், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று எழுத்துகளும் இருக்கும். டிராக்‌ஷன் என்பது ஈரச் சாலையில் நேராகப் பிரேக் பிடிக்கும் திறன். வளைவில் பிடிக்கும் திறனை அது சொல்லாது. டிரெட்வேர் எண் கூடினால் தேய்மானம் மெதுவாக இருக்கும். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டுமே நான் அதைப் பார்ப்பேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்தேன்.

பிரிட்ஜ்ஸ்டோன் டியூலர், யோகோஹாமா ஜியோலேண்டர், அப்போலோ ஆப்டெரா ஆகிய மூன்று வரிசையிலும் எச்/டி, ஏ/டி இரண்டு வகையும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் கடையில் சொல்லும்போது எச்/டி என்று அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்றுமே எனக்குச் சம்மதம்தான். ஒரே மாதிரி ஐந்து டயர், ஒரு வாரத்துக்குள், என்ற நிபந்தனைக்கு ஆப்டெரா எச்/டி 2 சரியாக வந்தது. அதையே எடுத்தேன். இன்னொரு ஊரில், இன்னொரு வாரத்தில் கேட்டிருந்தால் மற்ற இரண்டில் ஒன்றாக இருந்திருக்கும். இந்த வகை ஓட்டத்துக்கு எச்/டி என்ற முடிவுதான் முக்கியம். அதற்குப் பிறகு கம்பெனிகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், காற்றும் அலைன்மென்ட்டும் சரியில்லாததால் வரும் வித்தியாசத்தைவிடக் குறைவு என்பது என் எண்ணம்.

விலை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பத்து சதவீதம் குறைய வேண்டுமே என்று கடையில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தேன். 128 ரூபாய் 118 ஆகிறது, அதாவது பில்லில் குறைவது 7.8 சதவீதம். எனக்கு ஒரு டயர் பத்தாயிரத்துச் சொச்சம் விழுந்தது. பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு, டை ராட் எண்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் 58,000 ரூபாய். பழைய ஏ/டி நாலையும் கடைக்காரரே எடுத்துக்கொண்டார்.

பொருத்திய நாள்

சரக்கு வந்ததும் முதல் வேலையாக ஐந்து டயரிலும் தேதி பார்த்தேன். மூன்றில் 2025-இன் வாரங்கள். இரண்டில் கடைசி இரண்டு இலக்கம் 23. இரண்டு வருடக் கிடப்பு. ஒழுங்காக வைத்திருந்த டயர் இரண்டு வருடத்தில் கெட்டுவிடாது. ஆனால் முழு விலை கொடுக்கும்போது அந்த இரண்டு வருடத்தை நான் ஏன் இழக்க வேண்டும்? பெரியவர் மறுப்பு சொல்லவில்லை, இரண்டு நாளில் மாற்றித் தந்தார். தேதி பொதுவாக டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். ரிம்மில் ஏற்றும்போது அது உள்பக்கம் போய்விட்டால், அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். அதனால் ஏற்றுவதற்கு முன்பே பார்த்து, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைத் தராசில் நிறுத்தும் பார்த்தோம். புது 245 எச்/டி பதினான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தேய்ந்துபோன 265 ஏ/டி பதினாறுக்கு மேல். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு கிலோவுக்கு மேல் எடை, அதுவும் சுழலும் எடை, குறைந்தது.

டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் பேலன்சிங்குக்கு ஈயம் குறைவாகப் பிடிக்கும். நாலு சக்கரம் 20, 30 கிராமில் முடிந்தன. ஐந்தாவது மட்டும் 95 கிராம் கேட்டது. ஈயத்தை ஒட்ட எடுத்த பையனைப் பெரியவர் தடுத்து, காற்றை இறக்கி, டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்றுத் திருப்பி வைக்கச் சொன்னார். மறுபடி ஓடவிட்டால் 35. ரிம்மின் கனமும் டயரின் கனமும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இப்படிக் கேட்கும். பத்து நிமிடக் கூடுதல் வேலை அது, சொல்லிக் கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரேயடியாக இறுக்கிவிடுவது வழக்கம். நான் கையால் பிடிக்கச் சொல்லி, கடைசியில் என் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு, நட்சத்திரம் போடுவது போல எதிரும் புதிருமாக இறுக்கினேன். நாளை இரவு நடுரோட்டில் வீல் ஸ்பேனரை வைத்து அதைக் கழற்றப் போவது நான்தான். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தேன், இரண்டு நட்டு லேசாக ஏறின.

அலைன்மென்ட் கடைசியில், டை ராட் எண்ட் மாற்றிய பிறகு. இந்த வண்டியில் பின்னால் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். அங்கே திருக ஒன்றும் இல்லை, முன்னால் மட்டும்தான் சரிசெய்ய முடியும். முன் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் கோணம், நன்றாகவே விலகியிருந்தது. சரிசெய்து அச்சடித்த தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை கேஜ் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.

சாக்பீஸ்

இந்த முறை காற்றின் அளவை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டைப்படிதான் வைத்தேன். காலி நாளுக்கு ஓர் அளவு, பாரம் ஏற்றும் நாளுக்கு ஓர் அளவு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. டயரின் முகத்தில் ஓரத்திலிருந்து ஓரம் வரை குறுக்காகச் சாக்பீஸால் கனமாக ஒரு கோடு. சமதளத்தில் நேராக இருநூறு அடி ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. காலி வண்டியில் அட்டை அளவுக்குக் கோடு ஒரே சீராக அழிந்தது. அப்புறம் வேண்டுமென்றே 42 அடித்துப் பார்த்தேன். இரு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அப்படியே நின்றது. நாலரை வருடம் நான் செய்த தவறு கண்முன்னே கோடாகத் தெரிந்தது.

காற்று பார்ப்பது எப்போதும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன். டயரின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 33 இருந்தது மதியம் உளுந்தூர்பேட்டையில் 38 காட்டும், அது இயல்பு. அங்கே பெட்ரோல் பங்கில் நிறுத்தி அதைக் குறைத்தால், மறுநாள் காலையில் 28 இருக்கும்.

நாலாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு

பொருத்தி மூன்று மாதம், 4,100 கிலோமீட்டர். முதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவாகவே போனேன். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், அது போகும் வரை ஈரத்தில் நம்ப முடியாது.

சத்தம் போனதுதான் முதலில் தெரிந்தது. சமயபுரம் டோல் தாண்டி 90-இல் போகும்போது உதவியாள் தம்பி, “அண்ணே, ஏசி சத்தம் கேக்குதுண்ணே” என்றான். நாலரை வருடமாக அது கேட்டதே இல்லை. ஸ்டியரிங் நடுவில் நிற்கிறது. லேன் மாறும்போது அகல டயரில் இருந்த சோம்பல் இல்லை. மைலேஜ், டாங்க் நிரப்பி நிரப்பி ஐந்து முறை எடுத்த சராசரி, லிட்டருக்கு 12.6. திருத்திய பழைய 11.8-ஓடு ஒப்பிட்டால், வருடம் 14,000 கிலோமீட்டருக்கு 75 லிட்டர் டீசல் மிச்சம். ஸ்பீடோமீட்டர் நூறில் ஜி.பி.எஸ். மறுபடி 95.

குறையும் உண்டு. துறையூர்ச் சரளைப் பாதையில் இப்போது கல்லைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். பக்கவாட்டுச் சுவர் மெல்லியது என்பது தெரிகிறது. தரையிலிருந்து 14 மில்லிமீட்டர் இறங்கியும் இருக்கிறேன், வரப்பு ஏறும்போது அது தெரிகிறது. வாரத்தில் நாலு நாள் கொல்லிமலை எஸ்டேட்டுக்கோ குவாரிக்கோ போகிறவராக இருந்தால் நானே ஏ/டி-தான் வாங்கச் சொல்வேன். அந்தச் சத்தமும் டீசலும் அவருக்கு நியாயமான விலை. பார்வைக்கும் என் வண்டி முன்பு போல இல்லை, கொஞ்சம் மெலிந்த மாதிரி நிற்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மார்கழி தொடக்கத்தில் நல்ல மழையில் விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை வந்தேன். 70-இல் தேங்கிய தண்ணீரில் இரண்டு முறை ஏறினேன். சளக் என்று அடிச்சட்டத்தில் அடித்தது, ஸ்டியரிங் கனமாகவே இருந்தது. புது டயர் என்பதற்காக அந்த மழையில் நான் 85 போகவில்லை.

நேற்று மறுபடி வெர்னியரை எடுத்தேன். புதிதில் எல்லா இடத்திலும் 8.4. இப்போது பின்னால் நடு 8.0, ஓரம் 8.0, 8.1. முன்னால் வெளி ஓரம் 7.9, உள் ஓரம் 8.0. முன்னால் அந்த 7.9 மட்டும் கண்ணில் நிற்கிறது, அடுத்த மாதம் மறுபடி அளக்க வேண்டும். பத்தாயிரத்தில், அதாவது ஓடோமீட்டரில் 1,27,000 வரும்போது, முதல் ரொட்டேஷன். பின்னால் இருப்பவை நேராக முன்னால் வரும், முன்னால் இருப்பவை குறுக்காகப் பின்னால் போகும். இந்த முறை ஸ்டெப்னியும் பின் வலது வழியாகச் சுற்றில் சேரும். நோட்டின் அட்டையிலேயே அந்தப் படத்தை வரைந்து வைத்திருக்கிறேன்.